கணினி வர்க்கமூலம் காணும் வழி: இரண்டு மா நிலத்தை வைத்து ஒரு விளக்கம்

மன்னார்குடியில் கணினி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியில் நான்கு ஐயங்கள் அடங்கியிருக்கின்றன. ஓர் எண்ணின் வர்க்கமூலத்தைக் கணினி எந்த வழியில் காண்கிறது, அதற்குள் வாய்பாடு ஏதும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்பது முதலாவது. பைத்தான் என்ற நிரல்மொழியில் 2-இன் வர்க்கமூலத்தைக் கண்டு அதையே மீண்டும் வர்க்கப்படுத்தினால் 2 என்று வராமல் 2.0000000000000004 என்று வருவது ஏன் என்பது இரண்டாவது. 64-இன் கனமூலத்தை 64 ** (1/3) என்று கேட்டால் 4 வராமல் 3.9999999999999996 வருகிறதே என்பது மூன்றாவது. வர்க்கமூலமே இல்லாமல் செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கண்டுவிடலாம் என்று ஒரு பழந்தமிழ்ப் பாட்டு கைப்பேசிகளில் சுற்றி வருகிறது, அதைக் கணினியில் ஏன் கையாளவில்லை என்பது நான்காவது. நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

சுருக்கமான விடை இது: கணினி ஒரு மதிப்பை உத்தேசமாக எடுத்துக்கொள்கிறது, அதைத் திருத்திக்கொண்டே போகிறது, தனக்குள் எழுதி வைக்க இடமுள்ள எண்களில் உண்மை விடைக்கு மிக அருகில் எது இருக்கிறதோ அதில் நிறுத்திக்கொள்கிறது. உங்கள் முதல் ஐயத்துக்கு விடை அந்தத் திருத்தும் முறையில் இருக்கிறது. அடுத்த இரண்டுக்கும் விடை அந்த ‘இடமுள்ள எண்கள்’ என்பதில் இருக்கிறது.

கணக்கை நிலத்திலிருந்தே தொடங்கலாம். தஞ்சாவூர்ச் சீமையின் வழக்கில் 12 அடிக்கு 12 அடி கொண்டது ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. எனவே ஒரு மா என்பது 14,400 சதுர அடி, சென்ட் கணக்கில் ஏறக்குறைய 33. ஒரு மா நிலம் சரியான சதுரமாக இருந்தால் அதன் பக்கம் 120 அடி என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். அதே சதுர வடிவில் இரண்டு மா வேண்டுமானால் பக்கம் எத்தனை அடி இருக்க வேண்டும்? 240 என்று சொன்னால் நிலம் நான்கு மா ஆகிவிடும். நமக்கு வேண்டியது 28,800-இன் வர்க்கமூலம், அதாவது 120-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவது.

பக்கம் 170 அடி இருக்கலாம் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 170 அடி என்றால், பரப்பு 28,800 ஆக இருப்பதற்கு மறுபக்கம் 28,800 ÷ 170 = 169.41176 அடியாக இருக்க வேண்டும். அது சதுரம் இல்லை, சற்றே நீண்ட செவ்வகம். பரப்பு மாறாத வரையில் ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் குறைந்தே தீரும் என்பதால், நாம் தேடும் பக்கம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்க முடியும். இரண்டின் சராசரியை எடுத்தால் 169.70588 வருகிறது. உண்மையான விடை 169.70563. ஒரே ஒரு திருத்தத்தில் நமக்கும் உண்மைக்கும் இடையே எஞ்சிய வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. வரப்புத் தகராறு எவ்வளவு முற்றினாலும் இதற்கு மேல் துல்லியம் கேட்கும் சர்வேயர் இருக்க மாட்டார். முறையை ஒரே வரியில் எழுதிவிடலாம்:

புதிய பக்கம் = (பழைய பக்கம் + பரப்பு ÷ பழைய பக்கம்) ÷ 2

வந்த விடையை மீண்டும் ‘பழைய பக்கம்’ என்ற இடத்தில் வைத்து இதையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் முறை முழுவதும். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஹீரோன் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். 720-க்கு 27-இல் தொடங்கி 26 5/6 என்ற விடையை அடைவது அவர் தரும் எடுத்துக்காட்டு. பிற்காலத்தில் எல்லா வகைச் சமன்பாடுகளுக்கும் பொருந்துமாறு இது விரிவாக்கப்பட்டு, நியூட்டன், ராப்சன் ஆகிய இருவர் பெயராலும் வழங்குகிறது. நம் பக்கத்து மரபிலும் இதன் தடம் உண்டு. வேள்வி மேடைகளை அளப்பதற்கான பௌதாயனரின் சுல்ப சூத்திரம் 2-இன் வர்க்கமூலத்துக்கு 1 + 1/3 + 1/12 − 1/408 என்று ஒரு தோராயம் தருகிறது. கூட்டிப் பார்த்தால் அது 577/408. மேலே சொன்ன விதியை 2-க்கு, 1 என்ற உத்தேசத்தில் தொடங்கிச் செய்து பாருங்கள்: முதலில் 3/2, அடுத்து 17/12, மூன்றாவதாக அதே 577/408 வந்து நிற்கும். நாம் உத்தேசமாக எடுத்த 170 அடியும் 120-ஐ 17/12-ஆல் பெருக்கினால் வருவதே; ஆகவே மேலே நீங்கள் செய்த ஒரு திருத்தம் உங்களைப் பௌதாயனரின் பின்னத்திலேயே கொண்டுபோய் நிறுத்தியது.

இந்த முறையின் உண்மையான வலிமை அதன் வேகத்தில் இருக்கிறது. 2-க்கு வரும் மதிப்புகளைத் தசமத்தில் எழுதினால் 1.5, 1.4166667, 1.4142157, 1.4142135623747 என்று போகின்றன; சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இதற்குக் காரணம் எளியது. ஒரு படியில் இருக்கும் பிழையை வர்க்கப்படுத்தி, அந்தப் படியின் மதிப்பைப் போல இரு மடங்கால் வகுத்தால் அடுத்த படியின் பிழை கிடைக்கும். பிழை ஆயிரத்தில் ஒன்றாக இருந்தால் அடுத்தது பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே, அதற்கு அடுத்தது லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே என்று சரிந்துவிடுகிறது. விடை 169-க்கும் 170-க்கும் இடையில் என்று தெரிந்த பின் நடுப்புள்ளியைச் சோதித்து, பாதியை ஒதுக்கி, மீண்டும் பாதியை ஒதுக்கித் தேடும் முறையும் உண்டு. ஆனால் அதில் ஒரு படிக்கு ஓர் இரும இலக்கம்தான் (0 அல்லது 1) கிடைக்கும் என்பதால், நியூட்டன் முறை ஐந்தாறு படிகளில் முடிக்கும் வேலைக்கு அது ஏறக்குறைய ஐம்பது எடுத்துக்கொள்ளும்.

வேகம் குறைந்த இன்னொரு பாதையும் இந்த மண்ணோடு தொடர்புடையது. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கேள்வி வெளியிட்டார்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்று முடிவின்றிப் போகும் அடுக்கு வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன? விடை 3. இதை நிரலாக எழுதி, அடுக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிறுத்தி, உள்ளிருந்து வெளியே வரும்படி கணக்கிட்டால் 1.732, 2.236, 2.560, 2.755 என்று விடைகள் வரும். ஓர் அடுக்கைக் கூட்டும்போது 3-க்கும் விடைக்கும் உள்ள இடைவெளி, போகப்போக ஏறக்குறைய பாதியாகத்தான் குறைகிறது. அழகுக்காக எழுதிப் பார்க்க வேண்டிய நிரல் அது. எண் மதிப்பு காண்பதற்கான வழி அன்று.

நியூட்டன் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு: தொடக்க உத்தேசம் மோசமாக இருந்தால் அதன் வேகம் வெளிப்படவே நேரமாகும். 28,800-க்கு 28,800-ஐயே தொடக்கமாக வைத்தால் 14,400.5, 7,201.25, 3,602.62 என்று வெறுமனே பாதி பாதியாகக் குறைந்து கொண்டு வரும். 266, 187 என்று இறங்கிய பிறகே இரட்டிப்பு வேகம் தொடங்கும். இதைத் தவிர்க்கக் கணினியிடம் ஒரு வசதி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, அது எண்ணை எப்படி எழுதி வைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கணினியின் மிதவைப்புள்ளி எண் இரண்டு பகுதிகள் கொண்டது: 1-க்கும் 2-க்கும் இடைப்பட்ட ஒரு மதிப்பு, அதைப் பெருக்க வேண்டிய 2-இன் அடுக்கு. இரண்டு மா நிலத்தின் 28,800 சதுர அடி அதற்குள் 1.7578125 × 2¹⁴ என்று இருக்கும். வர்க்கமூலம் எடுக்கும்போது அடுக்கு பாதியாகும். ஆகவே 2¹⁴ என்பது 2⁷, அதாவது 128, என்று உடனே முடிந்துவிடுகிறது. எஞ்சிய வேலை 1.7578125-இன் வர்க்கமூலம் மட்டுமே, அது 1.325825. இரண்டையும் பெருக்கினால் 169.7056. ஒரு மா நிலத்தின் 14,400 அதே 1.7578125-ஐக் கொண்டு 2¹³ என்ற ஒற்றைப்படை அடுக்கோடு வருகிறது; 13-ஐப் பாதியாக்க முடியாது என்பதால் ஓர் இரண்டை முன் பகுதிக்கு மாற்றி 3.515625 × 2¹² என்று வைத்துக்கொள்வார்கள். 3.515625-இன் வர்க்கமூலம் 1.875, 2¹²-இன் வர்க்கமூலம் 64, பெருக்கினால் 120. ஆக, எவ்வளவு பெரிய அல்லது சிறிய எண்ணைக் கொடுத்தாலும், கணினி உண்மையில் வர்க்கமூலம் காண வேண்டியது 1 முதல் 4 வரையுள்ள எண்களுக்கு மட்டுமே. அந்தக் குறுகிய எல்லைக்குள் நல்ல தொடக்க உத்தேசம் தருவது எளிது. நீங்கள் கேட்ட வாய்பாடு இங்கேதான் வருகிறது: சில செயலிகளில் முதல் சில இரும இலக்கங்களைத் தரும் சிறு அட்டவணை ஒன்று சில்லுக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கும். எட்டு இலக்கத்தில் தொடங்கினால் 16, 32, 64 என்று மூன்றே படிகளில், வழக்கமான மிதவைப்புள்ளி எண்ணின் முன் பகுதிக்குத் தேவையான 53 இரும இலக்கங்களைத் தாண்டிவிடலாம்.

எல்லாச் செயலிகளும் ஒரே வழியில் போவதில்லை. நியூட்டன் முறையில் ஒவ்வொரு படியிலும் ஒரு வகுத்தல் இருக்கிறது. செயலிக்கு வகுத்தல் என்பது பெருக்கலைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும் வேலை. ஆகவே சிலர் நேரே வர்க்கமூலத்தைத் தேடாமல் அதன் தலைகீழை, அதாவது 1 ÷ வர்க்கமூலம் என்பதைத் தேடுவார்கள். கொடுத்த எண் ‘ப’, தலைகீழின் உத்தேசம் ‘அ’ என்றால், புதிய அ = அ × (3 − ப × அ × அ) ÷ 2. இதில் இருக்கும் ஒரே வகுத்தல் 2-ஆல் வகுப்பது. அது அடுக்கில் ஒன்றைக் குறைப்பதோடு முடிந்துவிடும். கடைசியில் ‘ப’-ஆல் ஒரு முறை பெருக்கினால் வர்க்கமூலம் கையில் இருக்கும். 1999-இல் வந்த குவேக் 3 என்ற கணினி விளையாட்டின் நிரலில் இந்த வழியின் புகழ்பெற்ற வடிவம் ஒன்று உண்டு. மிதவைப்புள்ளி எண்ணின் இரும வடிவத்தை அப்படியே முழு எண்ணாகப் பாவித்து, ஓரிடம் வலப்புறம் தள்ளி, 1597463007 என்ற மாறிலியிலிருந்து கழித்தால் தொடக்க உத்தேசம் கிடைத்துவிடும். பிறகு நியூட்டன் படி ஒன்றே ஒன்று, பிழை 0.2 சதவீதத்துக்கும் கீழே. மாயம்போல் தோன்றினாலும், வலப்புறம் தள்ளுவது அடுக்கைப் பாதியாக்குவதைத் தவிர வேறொன்றும் இல்லை.

இன்னொரு வழி, நீங்கள் பள்ளியில் நீள்வகுத்தல் முறை என்று படித்த அதே வழி. எண்ணை வலப்புறத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து, ஒவ்வோர் இணையையும் கீழே இறக்கி, அடுத்த இலக்கம் என்ன என்று தேடி, கழித்துக்கொண்டு போவோம் அல்லவா? இலக்கம் இலக்கமாக வர்க்கமூலம் எடுக்கும் இம்முறையை 499-ஆம் ஆண்டின் ஆரியபடீயம் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறது. தசமத்தில் இதன் தொல்லை, 0 முதல் 9 வரை எந்த இலக்கம் பொருந்தும் என்று சோதித்துப் பார்ப்பதுதான். இரும எண்ணில் அந்தத் தொல்லை இல்லை: கழிக்க முடிந்தால் 1, முடியாவிட்டால் 0. கழித்தலும் இடம் தள்ளலும் மட்டுமே தேவைப்படுவதால் சில்லு வடிவமைப்பாளர்களுக்கு இது உகந்தது. இன்றைய செயலிகள் பலவற்றில் இதன் மேம்பட்ட வடிவம், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இரும இலக்கங்களைத் தருமாறு அமைந்திருக்கிறது.

வழி எதுவானாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 என்ற, மிதவைப்புள்ளிக் கணக்குகளுக்கான பொதுத் தரம் கட்டாயமாக்கியது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கோடு வர்க்கமூலமும் அதில் சேர்ந்துகொண்டது: விடையை முடிவில்லாத துல்லியத்தில் கண்டது போலவே பாவித்து, அதற்கு மிக அருகில் உள்ள மிதவைப்புள்ளி எண்ணைத் தர வேண்டும். சைனுக்கும் மடக்கைக்கும் இத்தகைய கட்டாயம் விதிக்கப்படவில்லை. எனவே மிதவைப்புள்ளிக் கணக்குகளில் வர்க்கமூலம் மிகவும் நம்பத்தக்க ஒன்று என்பதே என் கருத்து. மாணவர்கள் பலர் நினைப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது.

அவ்வளவு நம்பத்தக்கது என்றால் 2.0000000000000004 எப்படி வந்தது? 1-க்கும் 2-க்கும் இடையில் கணினியின் எண்கள் தொடர்ச்சியாக இல்லை, ஏறக்குறைய 2.2 × 10⁻¹⁶ இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. 2-இன் உண்மையான வர்க்கமூலம் 1.4142135623730950488… என்று போகும். அந்த இடத்தில் கணினிக்கு எண் இல்லை. மிக அருகில் இருப்பது 1.4142135623730951454…, தரம் சொல்லியபடி அதையே தந்தது. அது உண்மையைவிட 9.7 × 10⁻¹⁷ கூடுதல். அதை வர்க்கப்படுத்தினால் 2.00000000000000027 வர வேண்டும். ஆனால் 2-க்கு மேல் எண்களின் இடைவெளி இரட்டிப்பாகி 4.4 × 10⁻¹⁶ ஆகிவிடுவதால் அந்த இடத்திலும் எண் இல்லை. ஒரு புறம் 2, மறுபுறம் 2.00000000000000044, அருகில் இருப்பது பின்னது. இரண்டு இடங்களிலும் கணினி தன் விதியைச் சரியாகவே பின்பற்றியிருக்கிறது. ஒரு படி கீழே உள்ள 1.4142135623730949-ஐ எடுத்து வர்க்கப்படுத்தினாலும் 1.9999999999999996 தான் வரும். அதாவது, வர்க்கப்படுத்தினால் சரியாக 2 தரும் எண் என்று ஒன்று அந்த எண் வரிசையிலேயே கிடையாது.

இந்த இடைவெளிச் சிக்கல் வர்க்கமூலத்துக்கு மட்டும் உரியதன்று. நம் பழைய கீழ்வாய் இலக்கங்களில் அரை, கால், அரைக்கால், வீசம் ஆகியவை 1/2, 1/4, 1/8, 1/16 என்று இரண்டின் அடுக்குகளாக இருப்பதால் கணினி அவற்றைப் பிசகின்றி எழுதி வைக்கும். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 ஆகியவற்றின் பகுதியில் 5 கலந்திருப்பதால், இரும எண்ணில் முடிவின்றி நீண்டு, ஓரிடத்தில் வெட்டப்படும். ஒரு வேலியில் ஒரு மா என்ற 0.05-ஐயே கணினியால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. அதனோடு ஒரு காணியைக் கூட்டினால் மட்டும் மாகாணி, அதாவது 1/16, பிசகில்லாமல் வந்துவிடுகிறது, இரண்டின் பிழையும் முழுமையாக்கலில் மறைந்துவிடுவதால்.

இதிலிருந்து நிரல் எழுதுவோருக்குச் சில நடைமுறை விளைவுகள் வருகின்றன. நியூட்டன் முறையை எழுதிப் பழகும் மாணவர்கள் பெரும்பாலும் ‘உத்தேசத்தின் வர்க்கம் கொடுத்த எண்ணுக்குச் சமமாகாத வரை திரும்பச் செய்’ என்று எழுதிவிடுகிறார்கள். 9-க்கோ 16-க்கோ அது நின்றுவிடும். 2-ஐக் கொடுத்தால் ஒருபோதும் நிற்காது, ஏன் என்பது மேலே சொல்லியாயிற்று. வித்தியாசம் 0.000001-ஐ விடக் குறைந்தால் நிறுத்து என்று எழுதுவதும் எல்லா எண்களுக்கும் பொருந்தாது: 10²⁰ அளவில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலேயே 16,384 இடைவெளி இருக்கிறது, அங்கே 0.000001 என்பதற்குப் பொருளே இல்லை. மிகச் சிறிய எண்களிலோ அது மிகப் பெரிய சலுகையாகிவிடும். வித்தியாசத்தைக் கொடுத்த எண்ணோடு ஒப்பிட்டு விகிதமாகப் பார்ப்பதே முறை.

விடை முழு எண்ணாக வேண்டுமானால் மிதவைப்புள்ளியையே தொடாமல் இருப்பது நல்லது. 67108865-இன் வர்க்கம் 4503599761588225. அதைவிட ஒன்று குறைந்த 4503599761588224-க்கு வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான விடை 67108865-ஐவிட மிக மிகச் சிறிதளவு குறைவு; அந்தக் குறைவு அங்குள்ள எண் இடைவெளியின் பாதிக்கும் சற்றே உள்ளே வருவதால் கணினி 67108865 என்றே தந்துவிடும். பின்னத்தை வெட்டி முழு எண்ணாக்கினால் வர வேண்டிய 67108864 வராது. பகா எண் சோதனை போன்ற நிரல்களில் இத்தகைய பிழை சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். 2019-இல் வந்த பைத்தான் 3.8-இல் முழு எண் வர்க்கமூலத்துக்கென்றே ஒரு சார்பு சேர்க்கப்பட்டது. அது எவ்வளவு பெரிய எண்ணுக்கும் முழு எண் கணக்கிலேயே விடை தரும். நீங்களே எழுத விரும்பினால், மேலே சொன்ன சராசரி விதியை முழு எண் வகுத்தலோடு, உண்மை விடையைவிடக் குறையாத ஓர் எண்ணிலிருந்து தொடங்கிச் செய்து, மதிப்பு குறைவது நின்ற இடத்தில் நிறுத்தினால் போதும்.

கனமூலத்தில் நிலைமை வேறு. 64 ** (1/3) என்று எழுதும்போது நீங்கள் கனமூலத்தைக் கேட்கவே இல்லை. 64-ஐ ஓர் அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறீர்கள், அந்த அடுக்கோ மூன்றில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவான எண், ஏனென்றால் 1/3-ஐ இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. குறைவு 1.85 × 10⁻¹⁷ தான். ஆனால் அதன் விளைவாக உண்மை விடை 4-ஐ விட ஏறக்குறைய 3.1 × 10⁻¹⁶ கீழே வருகிறது. 4-க்குக் கீழே இடைவெளி 4.4 × 10⁻¹⁶ என்பதால், பாதியைத் தாண்டிவிட்ட அந்த விடை அடுத்த கீழ்ப்படிக்கு இறங்கி 3.9999999999999996 ஆகிறது. 8-க்கும் 27-க்கும் இதே குறைவு பாதிக்கு உள்ளேயே நின்றுவிடுவதால் 2, 3 என்று சரியாக வந்து, நிரல் சரியென்ற தவறான நம்பிக்கையை ஊட்டிவிடுகின்றன. பைத்தான் 3.11 முதல் கனமூலத்துக்குத் தனிச் சார்பு உண்டு. அது இல்லாத இடத்தில் புதிய மதிப்பு = (2 × பழைய மதிப்பு + எண் ÷ பழைய மதிப்பின் வர்க்கம்) ÷ 3 என்ற நியூட்டன் விதியை எழுதிக்கொள்ளலாம். −8-க்குக் கனமூலம் −2 என்பது நமக்குத் தெரியும். ஆனால் (−8) ** (1/3) என்று கேட்டால் பைத்தான் ஏறக்குறைய 1 + 1.732i என்ற கலப்பெண்ணைத் தரும். அதுவும் −8-இன் ஒரு கனமூலமே என்பதால் தவறென்று சொல்ல முடியாது, நாம் எதிர்பார்த்ததாக இல்லை என்பதுதான்.

அதற்கு மேற்பட்ட மூலங்களுக்கு மடக்கை வழியே பெரும்பாலும் போதும்: எண்ணின் மடக்கையை எடுத்து, மூலத்தின் படியால் வகுத்து, மீண்டும் அடுக்காக்க வேண்டும். ஒரு தொகை ஒன்பது ஆண்டுகளில் இரு மடங்காகுமென்றால் ஆண்டுக் கூட்டுவட்டி எவ்வளவு என்ற கேள்வி 2-இன் ஒன்பதாம் மூலத்தைக் கேட்கிறது, விடை 1.08006, அதாவது 8 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை மேல். இத்தகைய கணக்கில் பதினாறாம் இலக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி அந்தப் பாட்டு. அது சொல்லும் விதி இதுதான்: செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட வேண்டும், எஞ்சியதோடு சிறிய பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம். 4, 3 பக்கங்களுக்கு 3.5 + 1.5 = 5, சரி. 12, 5 பக்கங்களுக்கு 10.5 + 2.5 = 13, அதுவும் சரி. இந்த இரண்டையும் காட்டிவிட்டு, வர்க்கமூலம் என்பதே நம் முன்னோருக்குத் தேவைப்படவில்லை என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு மா சதுர நிலத்தின் மூலைவிட்டத்தை இதனால் அளந்து பாருங்கள்: 105 + 60 = 165 அடி. உண்மையான மூலைவிட்டம் 169.7 அடி. நாலே முக்கால் அடி போல இடிக்கிறது.

எங்கே சரி, எங்கே தவறு என்பதை அறுதியாகவே சொல்லிவிடலாம். சிறிய பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் உள்ள விகிதத்தை ‘வி’ என்று கொண்டால், பாட்டின் விடையும் உண்மை விடையும் சமமாவதற்கான நிபந்தனை 48வி² − 56வி + 15 = 0 என்று சுருங்குகிறது. இருபடிச் சமன்பாடு என்பதால் இதற்கு இரண்டே தீர்வுகள்: 3/4, 5/12. மேற்கோளாகக் காட்டப்படும் இரண்டு முக்கோணங்களும் இவையே. இந்த இரண்டு விகிதங்களைத் தவிர வேறெந்த முக்கோணத்துக்கும் பாட்டு சரியான விடையைத் தராது. 15, 8 பக்கங்களுக்கு 17 வருவதற்குப் பதில் 17.125 வருகிறது. இரண்டு விகிதங்களுக்கும் இடையில் விடை சற்றுக் கூடுதலாக இருக்கும்; விகிதம் 4/7 ஆகும்போது அந்தக் கூடுதல் உச்சமடைந்தாலும் 0.8 சதவீதத்தைத் தாண்டாது. சதுரத்தில் 2.8 சதவீதம் குறையும். சிறிய பக்கம் மிகக் குறுகிவிட்டால் குறைவு 12.5 சதவீதம் வரை போகும்.

ஆகவே அதை ஏளனம் செய்யவும் வேண்டியதில்லை, பிதகோரசுக்கு மாற்று என்று கொண்டாடவும் வேண்டியதில்லை. விகிதம் 0.35 முதல் 0.85 வரை உள்ள இடங்களில் பிழை ஒரு சதவீதத்துக்குள் நிற்கும் என்பதால், கூரைச் சரிவுக்குக் கைமரம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று தச்சர் தலைக்குள்ளேயே கணக்கிட இது நல்ல விதி. கணினிக்கு வர்க்கமூலம் ஒரே கட்டளையில், பதினாறு இலக்கத் துல்லியத்தில் கிடைக்கும்போது இதனால் ஆவது ஒன்றுமில்லை. நிரலில் கர்ணம் காண வேண்டுமானால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரண்டு பக்கங்களையும் நீங்களே வர்க்கப்படுத்திக் கூட்டினால், 10²⁰⁰ போன்ற பெரிய பக்கங்களுக்கு வர்க்கம் கணினியின் எல்லையான ஏறக்குறைய 1.8 × 10³⁰⁸-ஐத் தாண்டி, முடிவிலி என்று வந்துவிடும், கர்ணம் எல்லைக்குள்ளேயே இருந்தாலும்கூட. பெரிய பக்கத்தால் இரண்டையும் முதலில் வகுத்து, கணக்கிட்ட பின் அதனாலேயே பெருக்கினால் இது நேராது. பெரும்பாலான மொழிகளில் கர்ணத்துக்கென்று இருக்கும் ஹைப்பாட் என்ற சார்பு இந்த ஆபத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது.